யாருடைய சுவரில் இந்த ஓவியங்கள்?

பகலில் நோயாளரின் நெஞ்சுக்கூட்டையும் முறிந்த எலும்பையும் எக்ஸ்ரே படத்தில் ஆராய்வது தொழில். எஞ்சிய பொழுதில் அதே மனிதர்களைத் தெருவிலும் இரயில் பெட்டியிலும் கண்டு வண்ணத்தில் தீட்டுவது வாழ்வு. மும்பையை அடுத்த தானே நகரில் 1975 முதல் 2005 வரை முப்பது ஆண்டுகள் இவ்விரண்டையும் சேர்த்தே செய்து வந்தவர் ஓவியர் சுதீர் பட்வர்தன். 1949இல் பிறந்து, புனே படைத்துறை மருத்துவக் கல்லூரியில் 1972இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அன்றைய பம்பாய்க்கு வந்தவர். ஓவியக் கல்லூரியின் வாசலை மிதித்தவர் அல்லர். 2005ஆம் ஆண்டு மருத்துவத்தை விடுத்து முழுநேர ஓவியரானார். அதன்பின் வந்த படைப்புகளே இக்கட்டுரையில் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க விழைபவை. ஆயினும் வேரைத் தொடாமல் கிளையைப் பற்றிப் பேச இயலாது.

அவருடைய தொடக்ககால மனிதர்கள் கனமானவர்கள். 1977இல் தீட்டிய 'இரானி உணவகம்', 1980இல் தீட்டிய 'இரயில்', 1981இல் தீட்டிய 'மே தினத்தன்று ஒரு விபத்து' ஆகியவற்றில் வரும் உடல்களைப் பாருங்கள். தடித்த கழுத்து, உழைத்துத் தளர்ந்த தோள், எதையோ பற்றிக்கொண்டிருக்கும் கை. பிரெஞ்சு ஓவியர்களான செசானிடமும் லெஜேயிடமும் பாடம் கேட்ட தூரிகைதான். என்றாலும் அவ்வுடல்களின் எடை பம்பாய்த் தெருவின் எடை. இவர்கள் இரக்கத்தை யாசிக்கும் ஏழைகள் அல்லர். நம் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அவர்களுக்கு நேரமில்லை. எலும்பின் இயல்பறிந்த மருத்துவர் ஒருவர் தீட்டியதால்தானோ என்னவோ, ஆடைக்குள்ளே ஓர் உடல் உண்டு என்பதை இவ்வோவியங்கள் நம்மை மறக்க விடுவதில்லை.

தாம் தீட்டும் மனிதர்கள் அவ்வோவியங்களில் தம்மையே இனங்காண வேண்டும் என்பது பட்வர்தன் தொடக்கத்திலேயே வெளியிட்ட விருப்பம். 1979இல் தில்லியில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடந்தது. நாடகப் பேராசான் இப்ராகிம் அல்காசியின் காட்சிக்கூடம் அதனை நடத்திற்று. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இரயிலில் தொங்கிச் சென்ற அந்தத் தொழிலாளி தில்லிக் காட்சிக்கூடத்தில் எப்படி நுழைவார்? உழைப்பவரை உழைப்பவரல்லாதார் தீட்டலாமா என்ற கேள்வி பழையது. தீட்டலாம் என்றே நாம் சொல்வோம். தீட்டிய பின் அந்தப் படம் யாருடைய சுவரில் தொங்குகிறது என்பதே கடினமான கேள்வி. நம் வீடுகளில் மளிகைக்கடை நாட்காட்டியின் படத்தைக் கிழிக்காமல் சட்டமிட்டு மாட்டி வைப்போரைக் கலையறியாதார் என்று எள்ளுவது கற்றவர் வழக்கம். அந்தப் படமாவது ஏழையின் சுவரை எட்டியிருக்கிறது!

இந்தச் சிக்கலை ஓவியர் அறியாதவர் அல்லர். 2004இல் அவரைப் பற்றி ரஞ்சித் ஹோஸ்கோட்டே எழுதி வெளியிட்ட நூலின் தலைப்பே 'உடந்தையான பார்வையாளர்' என்று பொருள்படும். ஒதுங்கி நின்று பார்ப்பவனும் நிகழ்வதில் பங்குடையவனே என்பது அதன் உட்கிடை.

நம் கருத்தில் அவருடைய நகர ஓவியங்களுள் தலையாயது 2001ஆம் ஆண்டின் 'லோயர் பரேல்'. ஆலைகளின் புகைபோக்கிகள், பாலம், எழும்பிவரும் புதுக் கட்டடங்கள், இவற்றினூடே நடந்து செல்லும் மக்கள் ஆகிய யாவும் ஒரே அகன்ற பரப்பில். ஒரே இடத்தில் நின்று இதைப் பார்க்க முடியாது. நகர்ந்துகொண்டே பார்த்தவற்றை ஓவியர் ஒன்றாகத் தைத்திருக்கிறார். இதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்லாமல் இவ்வோவியத்தின் துயரம் விளங்காது. 1982 சனவரி 18ஆம் நாள், தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறையாக முடிவுறவே இல்லை என்று சொல்வாருண்டு. ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன, நிலம் எஞ்சியது. 1991இல் வந்த நகர வளர்ச்சி விதிகள், ஆலை நிலத்தை மூன்றாகப் பகுத்து ஒரு பங்கைப் பொதுவெளிக்கும், ஒரு பங்கைப் பொதுமக்களுக்கான வீடுகளுக்கும், ஒரு பங்கை உரிமையாளருக்கும் என்று வகுத்தன. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் ஏதும் இல்லாத வெற்றிடத்தை மட்டுமே பகுத்தால் போதும் என்றாயிற்று. ஆலை வளாகத்தில் வெற்றிடம் எவ்வளவு இருக்கும்? ஊருக்குரிய பங்கு ஒரு சொல் மாற்றத்தில் சுருங்கிப் போனது. 2006இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

விதி திருத்தப்பட்ட அதே ஆண்டில் தீட்டப்பட்டது 'லோயர் பரேல்'. ஓவியர் அதை அறிந்து தீட்டினாரா என்பது நமக்கு முக்கியமன்று. புகைபோக்கியும் அடுக்குமாடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த ஒரு கணத்தை அவர் பிடித்துவிட்டார். இடையில் நடந்து செல்பவர்களோ, தங்கள் தலைக்கு மேல் என்ன கைமாறுகிறது என்பதை அறியாதவர்களாக நடக்கிறார்கள். முழக்கமோ கொடியோ அற்ற இந்த ஓவியம், தொழிலாளர் போராட்டத்தை நேரே தீட்டிய பல படங்களை விட ஆழமாகக் குற்றஞ்சாட்டுகிறது.

இதற்கு முன்பே நகரத்தின் இன்னொரு முகத்தையும் அவர் கண்டிருந்தார். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டனர் என்று நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. 'கலவரம்' என்ற தலைப்பிலேயே 1996இல் ஓர் ஓவியம் தீட்டினார். உழைக்கும் கூட்டம் என்று அவர் நேசித்துத் தீட்டியதே கொல்லும் கூட்டமாகவும் ஆக இயலும் என்ற அறிவு அவரை உலுக்கியிருக்க வேண்டும். அதன்பின் அவருடைய கூட்டங்களில் பழைய உறுதி இல்லை. வீட்டின் உள்ளறைகளும், சன்னலோரத்தில் நிற்கும் முதியோரும், தனித்தனி முகங்களும் மிகுதியாக வரத் தொடங்குகின்றன.

இனி முழுநேர ஓவியரான பின் வந்தவை. 2014இல் நிறைவுற்ற 'மும்பை முதுமொழிகள்' ஏழு பகுதிகளைக் கொண்ட பெரும்படைப்பு. பெருந்தொழில் நிறுவனம் ஒன்று வேண்டிக்கொண்டதற்கிணங்கத் தீட்டப்பட்டது. ஆலைக்காலமும் அடுக்குமாடிக் காலமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. திறமை மிக்க படைப்பு. ஆயினும் நமக்கு அதில் ஒரு குறை. ஒவ்வொரு மனிதரும் ஒரு காலத்தின் சின்னமாக நிற்கிறாரேயன்றி, 'இரயில்' ஓவியத்தில் இருந்ததுபோல் தமக்குரிய எடையோடு நிற்கவில்லை. பெருங்கதை சொல்லப் புகுந்ததால் நேர்ந்த இழப்பு இது. ஆலைத்தொழிலாளியின் படம் ஒரு தொழில் நிறுவனத்திற்காகத் தீட்டப்பட்டது என்பதில் உள்ள முரணையும் வாசக அன்பர் கவனியாமல் இரார்.

ஆனால் இம்முரண் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்தில், 1338-39ஆம் ஆண்டுகளில் அம்புரோசியோ லொரென்செத்தி சுவரோவியங்கள் தீட்டினார். நகரை ஆண்ட ஒன்பதின்மர் கூடும் மண்டபத்தின் சுவர்கள் அவை. நல்லாட்சியில் நகரம் எப்படி இருக்கும், தீய ஆட்சியில் எப்படி இருக்கும் என்பதே பொருள். நல்லாட்சி நகரில் கூரையின்மேல் கொத்தர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன. தீய ஆட்சி நகரிலோ இடிந்த வீடுகளும் படைவீரரும். ஆள்வோர் தலைநிமிர்ந்தால் அதைப் பார்த்தே தீரவேண்டும். விற்கவோ வேறிடத்திற்கு எடுத்துச் செல்லவோ முடியாத ஓவியம் அது. அதிகாரத்தின் சுவரில் தொங்குவதாலேயே ஓர் ஓவியம் அதிகாரத்திற்கு விலைபோய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். தன்னைச் சுவரில் ஏற்றியவரை அது உறுத்துகிறதா என்பதே கேள்வி. 'மும்பை முதுமொழிகள்' அவ்வளவு உறுத்தவில்லை என்பது நம் துணிபு.

அண்மையில் 'நகரங்கள்: கட்டியவையும் உடைந்தவையும்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் காட்சிப்படுத்திய ஓவியங்களைக் காணும்போது சியன்னாச் சுவர் தானே நினைவிற்கு வருகிறது. மும்பையில் எழும்பும் கோபுரங்களும், தொலைவான நாடுகளில் போரால் தகர்ந்த நகரங்களும் இத்தொகுதியில் சந்திக்கின்றன. கட்டுவதும் இடிப்பதும் எதிரெதிரானவை என்றே நாம் எண்ணுகிறோம். ஒன்றைக் கட்டுவதற்கென்றே ஒன்றை இடிக்கும் ஊரில் வாழ்ந்தவருக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை போலும். லொரென்செத்திக்கு இரண்டு சுவர்கள் தேவைப்பட்டன. பட்வர்தனுக்கு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. இளமையில் அவர் தீட்டிய உடல்களின் அருகாமை இங்கு இல்லை. பார்வை எட்ட நின்று பார்க்கிறது. ஆயினும் இந்தத் தொலைவு பொய்யற்றது. அழிவின் நடுவில் நின்றவராக அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. தம் ஓவியக்கூடத்திலிருந்து பார்ப்பவர் என்ற நிலையை மறைக்காமல் தீட்டுகிறார்.

சுவரைப் பற்றிய கேள்விக்கு அவர் தந்த விடைகளுள் நாம் மிகவும் மதிப்பது தூரிகையால் தந்த விடையன்று. 2008ஆம் ஆண்டு, 'விரிவடையும் தொடுவானங்கள்' என்ற பொருளில் பெயரிட்டு, இந்திய ஓவியர் பலருடைய மூலப் படைப்புகளையே திரட்டி மகாராட்டிரத்தின் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றார். அச்சுப்படிகளை அன்று, மூல ஓவியங்களை. ஓவியத்தை நூல்களின் வண்ணத் தாளில் மட்டுமே கண்டு பழகிய நம் போன்றோர்க்கு இதன் அருமை விளங்கும். தாளில் எல்லா ஓவியமும் ஒரே அளவு. ஆளுயரத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியின் முன் நாமும் நிற்பது வேறு. பேருந்து நிலையத்திற்கு வந்தவர், சந்தைக்கு வந்தவர், பள்ளிப்பிள்ளை என்று எவரும் நுழைந்து பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில்தான் அவருடைய பழைய விருப்பம் நிறைவேற வழி பிறக்கிறது. நம் மறைமாவட்டத்துப் பள்ளிகளிலும் பங்குத்தள அரங்குகளிலும் வெறுமையாய்க் கிடக்கும் நீண்ட சுவர்கள் எத்தனை!