ஆக்கியோனும் வழியும்

சிவஞானபோதச் சூத்திரம் 12-உம் மெய்கண்டதேவர் தாமே தமிழில் அருளிச்செய்தனவோ, ரௌரவாகமத்து வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்போ என்னும் வினா, சென்ற நூற்றாண்டிற் சைவப் புலவரிடையே பெருவழக்காய் எழுந்தது. மொழிபெயர்ப்பென்றல் ஆசிரியர் பெருமைக்கு இழுக்கென்றார் ஒருசாரார். அன்றென்றல் ஆகமப் பிரமாணத்திற்கு இழுக்கென்றார் மற்றொருசாரார். நூலாசிரியர் என்னுஞ் சொற்கு இவர்கள் கொண்ட பொருள் யாதென்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நூலை ஆக்கியோனது உடைமையாகக் கருதும் வழக்கு மேல்நாட்டில் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1710-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை ஆக்கியோர்க்கு வகுத்தது. பின்னர் அம்மேல்நாட்டவருள்ளேயே ரோலான் பார்த் என்னும் பிரெஞ்சு அறிஞர், நூற்பொருளை ஆக்கியோன் கருத்தால் வரையறுத்தலாகாதென 1967-இல் வாதித்தார். நம் நாட்டிலோ, மீமாஞ்சகர் வேதத்திற்கு ஆசிரியரே இலரென்பர். சைவர் அதனை இறைவன் வாக்கென்பர். ஆகவே ஆசிரியர் என்னும் கருத்து எங்கும் ஒருபடித்தன்று என்க.

தமிழ் மரபு யாதோவெனின், தொல்காப்பிய மரபியல், வினையினீங்கிய முதல்வன் கண்டதே முதனூலென்றும், மொழிபெயர்ப்பு வழிநூல்வகை நான்கனுள் ஒன்றென்றும் கூறும். நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எண்ணிய எட்டனுள் ஆக்கியோன் பெயரோடு வழியும் ஒன்று. எனவே, இன்னார் செய்தாரென்னும் அளவில் அமையாது, எவ்வழிப் பெற்றாரென்பதும் உரைத்தல் வேண்டும். இம்மரபில் மொழிபெயர்த்தோனும் நூலாசிரியனே. அதனால் அவற்கு இழிவு யாதுமில்லை.

யாம் வதியும் பண்பொழியைப் போலவே மேற்குமலைச் சாரலிலுள்ள விக்கிரமசிங்கபுரத்திற் றோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி, 1785-இல் சிவபதமெய்திய மாபாடியகர்த்தர் சிவஞான முனிவர், சூத்திரங்களை மொழிபெயர்ப்பென்றே கொண்டார். அவற்றின் வார்த்திகமும் உதாரண வெண்பாக்களும் மெய்கண்டார் செய்தனவென்றார். ஆயின் ஒரு நூலினுள்ளேயே ஆசிரியத்தன்மை இருதிறப்பட்டது. அங்ஙனமாகவும், சிவஞானபோதம் முதனூல், சித்தியார் வழிநூல், சிவப்பிரகாசம் சார்புநூல் என்று வழங்குவதும் நம் மரபே. மொழிபெயர்ப்பை முதனூலென்றல் முரணன்றோவெனின், அன்று. தமிழ்ச் சித்தாந்த நூல்கள் அதனினின்று கிளைத்தமை நோக்கி முதலென்றனர். பிறிதொன்றன் சார்பே இன்றி எழுந்தமை நோக்கி அன்று.

இனி, வரலாற்று வினா எஞ்சிநிற்கும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், என். ஆர். பட் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1961-இலும் 1972-இலும் வெளியிட்ட ரௌரவாகமத் தொகுதிகளில் இச்சூத்திரங்கள் காணப்படவில்லை. ஆதலின் மொழிபெயர்ப்பென்பார் கூற்றுக்கு ஏட்டுச்சான்று கிடைத்திலது. ஆகம ஏடுகள் பல அழிந்தமையின், காணாமை ஒன்றே கொண்டு மறுத்துத் துணிதலும் அமையாது. இவ்வினாவை ஏடுகளாலும் மொழிநடையாலும் முடித்தல் வேண்டும். தமிழ்ப்பற்றோ ஆகமப்பற்றோ இதற்குப் பிரமாணமாகா.

முடிவு எப்பக்கம் ஆயினும் மெய்கண்டார் பெருமை குன்றாது. இவ்வழக்கினால் விளைந்த கேடு வேறு. நூலின் தோற்றம் பற்றி முழங்க வல்ல மாணாக்கர் பலர், முதற்சூத்திரத்து மேற்கோளும் ஏதுவும் உரைக்க அறியாராயினர். ஏடு யாருடையதென ஆராய்தல் பதிப்பாசிரியர் கடன். பொருள் மெய்யோவென ஆராய்தல் சித்தாந்தம் பயில்வார் கடன். முன்னது முடியுங்காறும் பின்னதை நிறுத்திவைத்தல் அறிவுடைமையன்று.