காந்தி சாப்பிட்ட கடலை

‘வெறும் பழம் சாப்பிட்டே பாடி ஏத்தலாமாமே, நிஜமா?’

இந்தக் கேள்வியோடு ஜிம்முக்குள் நுழைகிற பையன்கள் பெர்லினிலும் உண்டு, பெரம்பூரிலும் உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றி, வயிற்றில் ஆறு கட்டம் காட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சிரிக்கிறார். ‘ஒரு நாளைக்கு முப்பது பழம், வேறொன்றும் வேண்டாம்’ என்கிறார். நம்ம பையன் மறுநாளே முட்டையை நிறுத்திவிடுகிறான். வீட்டில் அம்மாவுக்கு சந்தோஷம், முட்டைக் காசு மிச்சம் என்று. வாழைப்பழக் கணக்கு வரும்வரை.

இதற்குப் பதில் தெரிய, ஜிம் மாஸ்டரிடம் போகும் முன் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். பழத்தையே உணவாக்கி, பாலை ஆறு வருஷம் தொடாமல் இருந்து, நல்லது கெட்டது இரண்டையும் எழுதியும் வைத்துவிட்டுப் போனவர். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

சிரிக்காதீர்கள். அவருக்கும் ஆர்ம்ஸுக்கும் சம்பந்தமில்லை, வாஸ்தவம். ஆனால் உணவைப் பற்றி அவர் எழுதியதை டயட் புத்தகமாக மட்டும் எடுத்து, தேசப்பிதா என்கிற மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். இன்றைக்கு வருகிற பளபளா டயட் புத்தகங்கள் எதிலும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கதை. 1910-ல் ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பமாகிறது. நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர். ஏறக்குறைய ஆயிரம் பழ மரங்கள். அங்கே இருந்த சத்தியாக்கிரகிக் குடும்பங்களில் நம்ம தமிழ் ஜனங்கள் கணிசம். அவர்களுக்கு அரிசி, பருப்பு, ரொட்டி எல்லாம் உண்டு. 1912-ல் காந்தியும் காலன்பாக்கும் மட்டும் பாலை விட்டார்கள். கொஞ்ச நாளில் சமைத்த சாப்பாட்டையும் விட்டுப் பழத்துக்குப் போனார்கள்.

அந்தப் பண்ணையிலிருந்து ஜோஹானஸ்பர்க் 21 மைல். நடந்தே போய் வருவார்கள். ஒரே நாளில் 50 மைல் நடந்ததாகவும் காந்தி எழுதியிருக்கிறார். பழக் கட்சிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘பாத்தியா, காந்தியே பழம் சாப்ட்டுத்தான்...’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்சம் இருங்கள். ‘சத்திய சோதனை’யில் அந்தப் பழ உணவின் பட்டியல் இருக்கிறது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை. சரி. ஆலிவ் எண்ணெய். ம்ம். அப்புறம் பச்சை வேர்க்கடலை!

மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் சௌகரியமாகத் தொலைத்துவிடுகிற சமாசாரம் இந்தக் கடலைதான். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம். அதே 100 கிராம் வாழைப்பழத்தில் ஒரு கிராமுக்குச் சற்று மேலே. ஆக, காந்தியின் ‘பழ உணவை’த் தாங்கிப் பிடித்ததில் கடலைக்குப் பெரும் பங்கு. அதை எடுத்துவிட்டு, வெறும் பழத்தில் 50 மைல் என்று சொன்னால், சாம்பாரிலிருந்து பருப்பை எடுத்துவிட்டு ருசியைப் புகழ்கிற மாதிரி.

இப்போது பெரம்பூர்ப் பையனின் கணக்கைப் போடுவோம். எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிட் அடிக்கிறான். சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது 2020-ல் ஐ.சி.எம்.ஆர். போட்ட கணக்கு. அதாவது தினம் 50 கிராம். தசை ஏற்ற நினைப்பவருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் வருஷக் கட்டுரை ஒன்று சொல்கிறது. 60 கிலோவுக்கு 96 கிராம்.

ஒரு நடுத்தரப் பச்சைப்பழத்தில் 1.3 கிராம் புரதம், 105 கலோரி. முப்பது பழம் தின்றால் 39 கிராம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே பத்தாது! கலோரி மட்டும் 3,000-ஐத் தாண்டிவிடும். 96 கிராம் வேண்டும் என்றால் 74 பழம். ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு பழம் 6 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 444 ரூபாய். பையனுக்கு பாடி ஏறுகிறதோ இல்லையோ, தள்ளுவண்டிக்காரர் வீடு கட்டிவிடுவார்.

‘ஆனா அந்த வெள்ளைக்காரருக்கு கட்டம் கட்டமா தெரியுதே சார்?’

தெரியும். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு கரைந்தால், உள்ளே இருக்கிற தசை பளிச்சென்று தெரியும். அது ஏற்கெனவே இருந்த தசை. திரையை விலக்கினால் மேடை தெரிகிறது, அவ்வளவுதான். புதுசாக மேடை கட்டவில்லை. முன்-பின் போட்டோக்களின் சூட்சுமத்தில் பாதி இதுதான். அந்தத் தசையை அவர் என்ன சாப்பிட்டு ஏற்றினார் என்பது போட்டோவில் வராது.

பெரம்பூர்க்காரர்களுக்கு ஐ.சி.எஃப். உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலை. கரண்ட் இருந்தால் வெல்டிங் மெஷின் ஓடும். ஆனால் ஸ்டீல் வந்து இறங்கவில்லை என்றால் பெட்டி எங்கிருந்து வரும்? பழத்தின் சர்க்கரை கரண்ட். புரதம் ஸ்டீல். வெயிட் அடிப்பது, ‘பெட்டி செய்’ என்று போடுகிற ஆர்டர். உடம்பு கொழுப்பை ஸ்டாக் வைக்கும், சர்க்கரையைக் கொஞ்சம் வைக்கும். புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. அன்றன்றைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் இருக்கிற தசையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டியை உடைத்துப் புதுப் பெட்டி செய்கிற கதை.

பழத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீட்டர் ஓட்டவிட்டு, வாழைப்பழத்தையும் ஸ்போர்ட்ஸ் டிரிங்கையும் ஒப்பிட்டார்கள். 2012-ல் வந்த முடிவு: இரண்டும் ஏறக்குறைய சமம். ஓடுகிறவருக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் பழம் நல்ல தோழன். காந்தி நடந்தார், அவருக்கும் உதவியது. ஆனால் நடப்பது ஒரு காரியம், தசை வளர்ப்பது வேறு காரியம்.

அப்புறம், சைவம் வேறு, பழம் மட்டும் என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிப் படிப்பு படித்த கோடி ராமமூர்த்தி நாயுடு, மார்பில் யானையை ஏற்றிக் காட்டிய பலசாலி, சைவம்தான். பாலும் பருப்பும் கடலையும் இருந்தால் சைவக்காரருக்கும் ஸ்டீல் கிடைக்கும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். காந்தி எதற்காகப் பழத்துக்குப் போனார்? இங்கேதான் வேடிக்கை. பால் உடம்பின் இச்சையைத் தூண்டுகிறது, பிரம்மச்சாரிக்கு ஆகாது என்று நினைத்தார். மாடுகளைப் படுத்தும் பாடும் ஒரு காரணம். ஏழையிலும் ஏழை மாதிரி, மலிவான பழத்தில் வாழ வேண்டும் என்பது இன்னொன்று. மொத்தத்தில் உடம்பை அடக்க, அதன் கோரிக்கைகளைக் குறைக்கக் கண்டுபிடித்த சாப்பாடு அது. அதே சாப்பாட்டை உடம்பைப் பெருக்கிக் காட்டுவதற்கு விற்கிறார்கள் இன்றைக்கு. பிரேக்கைக் கழற்றிக் கொடுத்து, ஆக்ஸிலேட்டர் என்கிறார்கள்.

அடக்குவதற்காவது அது தாங்கியதா? 1914-ல் லண்டனில் காந்திக்கு நுரையீரல் உறையில் அழற்சி. டாக்டர் ஜீவராஜ் மேத்தா பால் குடியுங்கள் என்கிறார். கோகலேயே கெஞ்சுகிறார். மாட்டேன் என்றுவிட்டார். 1918-ல் கேடாவில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் ஆகாரம். வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தவர், எலும்பும் தோலும் ஆகி, செத்துப் பிழைத்தார். டாக்டர் தலால், பால் இல்லாமல் உடம்பு தேறாது என்கிறார். சத்தியம் செய்திருக்கிறேனே என்கிறார் இவர். கஸ்தூர்பா ஒரு பாயின்ட்டைப் பிடித்தார்: ‘நீங்க சத்தியம் பண்ணது பசும்பால், எருமைப்பாலுக்குத்தானே? ஆட்டுப்பால் குடிச்சா என்ன?’ என்கிற அர்த்தத்தில். குடித்தார். தேறினார்.

சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி, அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதி வைத்தார். அந்த முள் கடைசிவரை குத்தியது. நான் சொல்ல வந்தது இதைத்தான். டயட் புத்தகத்தில் தோற்ற நாளின் குறிப்பு இருக்கிறதா? இருந்தால் நம்பிப் படிக்கலாம்.

1913 வாக்கில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் காந்தி ஆரோக்கியக் கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலத்தில் நம்ம சென்னையிலேயே 1921-ல் எஸ்.கணேசன் புத்தகமாகப் போட்டார். அதில் பழம்தான் உத்தமம், பால் தேவையில்லை என்று அடித்துச் சொல்கிறார். பிறகு 1942-ல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உட்கார்ந்து அதையே திரும்ப எழுதினார். ‘ஆரோக்கியத் திறவுகோல்’ என்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில், சைவ உணவுக்காரர் நல்ல பலத்தோடு இருக்கப் பாலும் தயிரும் நெய்யும் வேண்டும், இது என் பழைய கருத்திலிருந்து பெரிய மாறுதல் என்று பச்சையாக எழுதிவிட்டார். எத்தனை ஆசிரியர்கள், நன்றாக விற்கிற தங்கள் புத்தகத்தைத் தாங்களே திருத்துவார்கள், சொல்லுங்கள்?

அதற்காக அதை வேதமாக்க வேண்டாம். குறைகள் உண்டு. ஒரே ஒரு உடம்பை, தன் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கே விதி சொல்கிறார். ஒரே சமயத்தில் பாலை விடுகிறார், உப்பைக் குறைக்கிறார், பட்டினி கிடக்கிறார். எதனால் எது நடந்தது என்று எப்படித் தெரியும்? நாக்கின் ருசியைப் பாவக் கணக்கில் சேர்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

ஒன்றுக்கு மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘வைட்டமின்’ என்கிற வார்த்தையே பிறந்தது 1912-ல், அவர் பாலை விட்ட அதே வருஷம். பழத்தில் இல்லாத, பால், முட்டை, மீன், கறியில் இருக்கிற பி-12 வைட்டமினைப் பிரித்தெடுத்தது 1948-ல், அவர் போன வருஷம். திறவுகோல் புத்தகம் அச்சானதும் அதே வருஷம்தான். அவருக்குத் தெரிய வழியில்லை. இன்றைக்குப் பழம் விற்கிற ஆளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாவிட்டால் அதற்குப் பேர் வேறு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்? பெர்லின் பையன் பழத்தில் ஆறு மாசம் ஓட்டி இளைத்தால், அவனுக்கு ஒரு அனுபவம், அவ்வளவுதான். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்துப் பையனுக்கு உடம்பு என்பது மூலதனம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை, போலீஸ் செலக்‌ஷன், இரண்டுக்கும் கொண்டு போய்க் காட்டுவது அதைத்தான். 2019-ல் பாடி பில்டிங்குக்காக அர்ஜுனா விருது வாங்கிய எஸ்.பாஸ்கரன் ஐ.சி.எஃப். ஊழியர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும், கயிறு ஏறணும், மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரியணும். ஓடுவதற்குப் பழம் கைகொடுக்கும். கயிறு ஏறத் தோளில் தசை வேண்டுமே? ஒரு தேர்வு போனால் அடுத்ததற்கு எத்தனை நாள் காத்திருக்கணும், அதற்குள் வயசு வரம்பு தாண்டிவிடுமா என்று அந்தப் பையனின் அப்பாவைக் கேளுங்கள்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. நாலு முட்டை 24 கிராம். அரை லிட்டர் பால் 16. ஒரு கை வேர்க்கடலை, 50 கிராம், 12. ஒரு கப் சுண்டல் 10. மிச்சம் 34-ஐ வீட்டுச் சோறும் பருப்பும் ஏறக்குறைய கொடுத்துவிடும். காசிமேட்டு மீனோ கறியோ கிடைக்கிற நாளில் கவலையே இல்லை. முட்டை வேண்டாம் என்கிறவர் பாலையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ளலாம். ஓட்டத்துக்கு முன்னால் ரெண்டு வாழைப்பழம், பேஷாக.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் பழ டயட் புத்தகத்தை நீட்டினால், கட்டம் போட்ட வயிற்றைப் பார்த்து அசந்துபோகாதீர்கள். ரெண்டே கேள்வி கேளுங்கள். இது தோற்ற நாளைப் பற்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்? கூட என்ன கடலை சாப்பிட்டீர்கள்?