பிள்ளையில்லாப் பெண்களின் மனத்துணை: சிலப்பதிகாரத் தேவந்தியும் மாதொருபாகன் பொன்னாவும்

முன்னுரை

மக்கட்பேற்றைத் தமிழிலக்கியம் பெரிதும் போற்றியுள்ளது. புறநானூற்றின் 188ஆம் பாடல் மக்களில்லாதார் வாழ்நாளைப் பயனற்றதாகக் கருதுகிறது. திருக்குறள் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இப்பேறு வாய்க்காத பெண்ணுக்கு மனத்துணையாக நின்றவர் யார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவை முன்வைத்து இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தையும் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) புதினத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

தேவந்தி: கேட்கும் தோழி

கண்ணகிக்கோ தேவந்திக்கோ மகப்பேறு வாய்த்ததாகக் காப்பியம் கூறவில்லை. தேவந்தியுடன் எட்டாண்டுகள் வாழ்ந்த பாசண்டச் சாத்தன் அவளைப் பிரிந்து செல்கிறான். கண்ணகியோ கோவலனைப் பிரிந்திருக்கிறாள். தன் துயரைக் கோயிலில் முறையிட்டு வாழும் தேவந்தி, கண்ணகிக்காகவும் வேண்டிக்கொண்டு அவளை நாடி வருகிறாள். அவளிடமே கண்ணகி தன் தீக்கனவைச் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகியவற்றில் நீராடிக் காமவேளைத் தொழுமாறு தேவந்தி கூறும் வழியைக் கண்ணகி ஏற்கவில்லை. எனினும் நட்பு முறியவில்லை. கண்ணகி தெய்வமான பின்னும் வஞ்சிக்குச் சென்று அரற்றுவோருள் தேவந்தியும் ஒருத்தி.

கொலைக்களக் காதையில் தான் இழந்தவற்றைக் கண்ணகி எண்ணிச் சொல்லும்போது அறவோரையும் துறவோரையும் விருந்தினரையும் பேணும் கடமைகளையே குறிப்பிடுகிறாள். பிள்ளையின்மை அப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது.

பொன்னா: கேட்பாரற்றவள்

திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' காட்டும் நிலை வேறு. பொன்னாவைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் தீர்வு சொல்பவர்களே. மருந்து, நேர்த்திக்கடன், வறடிக்கல்லைச் சுற்றுதல், பதினான்காம் நாள் திருவிழா என அவை அடுக்கடுக்காக வருகின்றன. காளிக்கு நல்லுப்பையன் சித்தப்பா இருக்கிறார். மணமும் மகவும் இன்றியும் மகிழ்ந்து வாழலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்று. பொன்னாவுக்கு அத்தகைய பெண் ஒருத்தியும் இல்லை. ஊரில் பிள்ளையில்லாத பெண்கள் வேறு எவரேனும் இருந்தாலும் பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒருவரையொருவர் அணுகாத நிலையையே 'வறடி' என்னும் வசை உருவாக்கும்.

இத்தனிமையின் விளைவு புதினத்தின் இறுதியில் வெளிப்படுகிறது. திருவிழாவுக்குக் காளி இசைந்துவிட்டதாகப் பொன்னாவை நம்பவைக்கின்றனர். தாய், மாமியார், உடன்பிறந்தான் எனச் சொல்பவர் அனைவரும் உறவினர். சரிபார்க்கப் புறத்தே ஒரு குரலும் இல்லை. தோழியின்மை இங்கு வெறும் மனக்குறையாக நில்லாமல், பொன்னா தன் உடல்பற்றி உண்மையறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பையே பறித்துவிடுகிறது. புதினத்தைப் பற்றிய விவாதங்கள் திருவிழா வழக்கம் உண்மையா என்பதிலேயே பெரிதும் நிலைகொண்டன. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பு வரை நீண்ட அவ்விவாதத்தில் இக்கூறு உரிய இடம் பெறவில்லை.

முடிவுரை

தேவந்தியும் பரிகாரம் சொன்னவளே. ஆயினும் அவள் முதலில் கேட்டாள், மறுத்தபின்னும் துணைநின்றாள். பொன்னாவுக்குக் கிடைத்தவை பரிகாரங்கள் மட்டுமே. பிள்ளையில்லாப் பெண்கள் தமக்குள் ஆறுதல் தேடிக்கொள்ளும் இன்றைய கூட்டுறவுகளை ஆராய்வோர், அங்கே எத்தனை தீர்வுகள் பகிரப்படுகின்றன என்பதோடு, தீர்வை மறுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமுண்டா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளல் தகும்.