நாடு கடத்தப்பட்டவரின் தாய்நாடு

தாய்நாட்டின் வரலாற்றை அந்நிய மண்ணில், அந்நிய மொழியில் வெளியிட நேர்ந்தவர் இயேசு சபைக் குரு பிரான்சிஸ்கோ ஹவியேர் கிளாவிஹேரோ. 1731ஆம் ஆண்டு மெக்சிகோவின் வெராக்குருஸ் நகரில் பிறந்தவர். குடியேற்ற நாட்டில் பிறந்த ஸ்பானிய வழித்தோன்றல்களைக் 'கிரியோல்' என்றனர். ஸ்பெயினிலிருந்து வந்தவர் பார்வையில் இவர்கள் ஒரு படி தாழ்ந்தவர்களே. 1767இல் மன்னர் மூன்றாம் சார்லஸ் இயேசு சபையினரை நாடு கடத்த, கிளாவிஹேரோவும் இத்தாலி சேர்ந்தார். அங்கே செசேனா நகரில் 1780-81ஆம் ஆண்டுகளில், இத்தாலிய மொழியில், நான்கு தொகுதிகளாக வெளிவந்தது அவரது 'மெக்சிகோவின் பண்டைய வரலாறு'.

வரலாறு எனினும் இந்நூலின் உயிர்நாடி மறுப்புரையே. அமெரிக்க மண்ணை மிதித்தறியாத கொர்னேலியுஸ் த பாவ் என்ற டச்சு அறிஞர், அம்மண்ணில் மனிதரும் விலங்கும் சீரழிவதாக 1768இல் எழுதினார். அந்நாட்டு மொழிகளில் மூன்றுக்குமேல் எண்ணச் சொல்லில்லை என்றார். கிளாவிஹேரோ சினந்து கூவவில்லை. நாவாட்ல் மொழியின் எண்ணுப்பெயர்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். நுண்பொருளையும் அறத்தையும் குறிக்கும் சொற்களைப் பட்டியலிடுகிறார். நூலில் நம்மை மிகவும் கவர்வது இப்பகுதியே. மக்களின் மொழியைப் பணிந்து கற்ற மறைப்பணியாளரின் சான்று இது.

பூர்வகுடியினரோடு தமக்கு இரத்த உறவில்லை என்று அவரே அறிவிக்கிறார். ஆயினும் அவர்களது பழம்பெருமையைத் தம் தாய்நாட்டின் பெருமையாகக் கொள்கிறார். குருதியால் வராத மூதாதையரை மண்ணின் உரிமையால் பெற்றுக்கொண்டதில்தான் கிரியோல் தன்னுணர்வு முகம் பெற்றது.

இங்கே நாம் ஒரு வினா எழுப்பியாக வேண்டும். மாண்ட மன்னரைக் கொண்டாடுவது எளிது. அவர்களின் பேரன் வயலில் கூலியாய் நிற்கையில் அவனை உடன்பிறப்பாய் ஏற்பது எளிதா? கிளாவிஹேரோ இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. அம்மக்களின் தாழ்நிலைக்குக் காரணம் பிறவிக் குறையன்று, கல்வியின்மையும் கொடிய வாழ்வுமே என்கிறார். இரு இனத்தாரும் மணவுறவால் ஒரே மக்களாகியிருக்கலாமே என்றும் ஏங்குகிறார். ஆயினும் நூல் முழுவதும் அம்மக்களுக்காக அவர் வாதாடுகிறாரேயன்றி, அவர் காலத்துப் பூர்வகுடி மனிதன் வாய் திறந்து பேசும் இடம் அரிதாகவே உள்ளது. நூலின் குறை இது. அக்காலத் திருப்பணியின் குறையும் இதுவே.

பிறர் பெருமையை நமதாக்கிக்கொள்ளும் அன்பு, அவர் துயரையும் நமதாக்கிக்கொள்ளும்போதே முழுமை பெறும். நாடிழந்த குருவின் நூல் அப்பாதையில் பாதி தூரம் நம்மை அழைத்துச் செல்கிறது. மீதித் தூரம் நாம் நடக்க வேண்டியது.