சமாதானத்திற்கு நாள் குறிக்கலாமா? ஸ்பாபோர்டின் ஞானப்பாட்டைக் குறித்து

அடக்க ஆராதனைகளிலும் ஆறுதல் கூட்டங்களிலும் நம் போதகர்கள் எடுத்துக்கூறும் வரலாறுகளில் ஒன்று, ஹொரேஷியோ ஸ்பாபோர்டு என்னும் சிக்காகோ நகர வழக்கறிஞரைப் பற்றியது. 1873 நவம்பர் 22ஆம் நாள் ‘வில் டு ஹாவ்ர்’ என்னும் கப்பல் அட்லாண்டிக் கடலில் ‘லாக் எர்ன்’ என்னும் பாய்மரக் கப்பலோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. மாண்டோர் 226 பேர். அவர்களுள் ஸ்பாபோர்டின் குமாரத்திகள் நால்வரும் இருந்தனர்; மனைவி அன்னா மட்டும் பிழைத்தார். அவரை அழைத்துவரக் கடல் கடந்து சென்ற தந்தை, பிள்ளைகள் மாண்ட இடத்தைத் தம் கப்பல் கடந்த வேளையில், தம் ஆத்துமா நலமாயிருக்கிறது என்னும் கருத்துடைய புகழ்பெற்ற ஞானப்பாட்டை எழுதினார் என்பதே நாம் கேட்டுவரும் கதை. இதைச் சொல்லி முடித்ததும், “நீங்களும் இவ்வாறே சமாதானமாயிருங்கள்” என்று துக்கவீட்டாருக்குப் புத்தி சொல்லப்படுகிறது. இவ்வழக்கத்தை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

முதலாவது, வரலாற்றைக் கவனிப்போம். பாட்டு கடலில் எழுதப்பட்டது என்பதற்கு முக்கியச் சான்று, ஸ்பாபோர்டின் மகள் பெர்த்தா 1950இல் வெளியிட்ட நூலாகும். அவரோ விபத்துக்குப் பின் 1878இல் பிறந்தவர்; தம் குடும்பத்தில் வழங்கிய மரபையே அவர் பதிவு செய்கிறார். மற்றொரு சான்றும் உண்டு. 1876இல் ஸ்பாபோர்டின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கிய சாங்கி, அக்காலத்திலேயே இப்பாட்டு எழுதப்பட்டதாகத் தம் நினைவுநூலில் கூறுகிறார். பிலிப் பிளிஸ் இசையமைக்க, அது அச்சில் வந்ததும் 1876இல்தான். கப்பலில் சென்ற நாளில் ஸ்பாபோர்டு தேற்றரவு அற்றவராயிருந்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சாங்கியின் கூற்றின்படி, அத்துக்கம் பாட்டாக மலர மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த மூன்று ஆண்டுகளை நம் பிரசங்கங்கள் ஒரே இரவாகச் சுருக்கிவிடுகின்றன. இதனால் துயரத்திலிருக்கும் விசுவாசி, “எனக்கு இன்னும் சமாதானம் வரவில்லையே, என் விசுவாசம் பொய்யோ?” என்று தன்னையே குற்றப்படுத்திக்கொள்ள நேரிடுகிறது.

இரண்டாவது, கதை முடிவுறும் இடத்தையும் நோக்கவேண்டும். 1880இல் ஸ்பாபோர்டின் சிறு மகன் காய்ச்சலால் இறந்தான். தொடர்ந்த துன்பங்களைத் தேவதண்டனை எனக் கருதிய விசுவாசிகளும் இருந்தனர். யோபுவின் நண்பர்கள் எக்காலத்திலும் உண்டு. ஸ்பாபோர்டு குடும்பத்தார் தம் பழைய சபையை விட்டு விலகி, 1881இல் எருசலேமுக்குச் சென்று அங்கே ஒரு கூட்டுவாழ்வை அமைத்தனர். அவர்களுடைய உபதேசங்களில் நாம் ஏற்கத்தகாதவை உண்டு. எனினும் முதல் உலகப்போர்க் காலத்தில் அக்குழுவினர் எருசலேமின் பசித்தோருக்கு உணவளித்ததும் மறக்கத்தக்கதன்று. பாட்டு எழுதியவரின் வாழ்வு, அலை ஓய்ந்த குளமாக முடியவில்லை. இதை மறைத்துச் சொல்லும் பிரசங்கம் இனிமையாயிருக்கலாம், உண்மையாயிராது.

மூன்றாவதும் முதன்மையானதும் பாட்டின் உட்பொருள். வியப்பு யாதெனில், இப்பாட்டில் இறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சமாதானத்தை நதிக்கும் துக்கத்தைக் கடலலைக்கும் ஒப்பிட்டு அது தொடங்குகிறது. ஏசாயா 48:18இல் நதி சமாதானத்தையும், அலைகள் நீதியையும் குறிக்கின்றன. கவிஞரோ அலைகளைத் துக்கத்தின் உருவமாக்கிக்கொண்டார். பின்பு பாட்டு எங்கே செல்கிறது? கொலோசெயர் 2:14ஐ நினைவூட்டும் வகையில், பாவம் முழுவதும் சிலுவையில் அறையப்பட்டதென்னும் நிச்சயத்திற்குச் செல்கிறது. கர்த்தருடைய வருகையின் நம்பிக்கையில் முடிகிறது. ஆகவே இங்கே சமாதானத்தின் ஆதாரம், துக்கம் தணிந்துவிட்டது என்பதன்று. கிறிஸ்து செய்து முடித்ததும் செய்யப்போவதுமே. நாமோ ஆசிரியரின் மனவுறுதியைப் பிரசங்கித்து, அவர் பாடிய சிலுவையை விட்டுவிடுகிறோம்.

இனி, பாட்டின் குறைவையும் சொல்லவேண்டும். இதில் புலம்பல் இல்லை, தேவனை நோக்கி “ஏன்?” என்னும் கேள்வி இல்லை. சங்கீதக்காரனோ அக்கேள்வியைத் தயங்காமல் கேட்டான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் சபையின் ஜெபமே. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்துச் சூனேமியாளை நினைவுகூர்வோம். இறந்த மகனைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்தவள், கேயாசி நலம் விசாரித்தபோது, நலமே என்றாள். எபிரெயத்தில் அச்சொல் ‘சாலோம்’ ஆகும். ஆனால் எலிசாவின் பாதங்களைப் பற்றிக்கொண்டபின் தன் நெஞ்சின் கசப்பைக் கொட்டினாள். கேயாசி அவளை விலக்கப் பார்த்தான். எலிசாவோ, அவளை விடு, அவள் ஆத்துமா துயருறுகிறது என்று தடுத்தான். துக்கவீட்டிற்குள் நுழையும் ஒவ்வொரு போதகனும், தான் கேயாசியா எலிசாவா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆகவே இப்பாட்டை நாம் பாடாதிருக்கவேண்டும் என்பதன்று நம் கருத்து. பாடுவோம், ஆயின் 88ஆம் சங்கீதத்தையும் அதனோடு வாசிப்போம். பிள்ளையை இழந்த தாயின் வாயில் அதைத் திணியாமல், அவள் பாட இயலாத நாட்களில் சபையார் அவளுக்காகப் பாடட்டும். அவள் மூன்று மாதத்திலோ மூன்று ஆண்டிலோ தானும் சேர்ந்து பாடுவாள். அதுவரை அவள் மௌனத்தை அவிசுவாசம் என்று எண்ணாதிருப்போமாக. நம் ஆண்டவரே, லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். அக்கண்ணீருக்கு இடம் தராத சமாதானம், அவர் தம் சீஷருக்கு வைத்துப்போன சமாதானமன்று.