ஆவடித் தீர்மானத்தை ரசித்துப் படிப்பது எப்படி?

1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுத் தீர்மானத்தின் கொள்கையைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஆங்கில மூலத்தில் சொற்களை மட்டும் பாருங்கள்.

முதலில் 'சோஷலிஸ்டிக் பேட்டர்ன்'. 'சோஷலிஸ்ட்' என்றே சொல்லியிருக்கலாமே? சினிமாவில் மழை 'ரியலிஸ்டிக்'காக இருந்தது என்றால் லாரித் தண்ணீரைத்தான் பாராட்டுகிறோம். அந்த 'இக்' சாயலுக்குப் பொறுப்பேற்கும், சரக்குக்கு ஏற்காது. போதாததற்குப் பின்னால் ஒரு 'பேட்டர்ன்'. தமிழில் இந்த இரண்டு நழுவலும் 'மாதிரி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். இடதுசாரிகளும் ஆலை முதலாளிகளும் ஒரே கட்சியில் இருந்த காலம்; இரு தரப்பும் கைதட்ட வேண்டுமே!

எனக்குப் பிடித்தது 'ஆர்' என்ற குட்டிச் சொல். முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் 'ஓனர்ஷிப் ஆர் கண்ட்ரோல்' கீழ் இருக்க வேண்டும் என்கிறது தீர்மானம். 'அல்லது' என்ன செய்தது என்று பார்க்க அம்பத்தூர், ஆவடி இரண்டும் போதும். 1961-ல் ஆவடியில் தொடங்கி விஜயந்தா டாங்கி செய்த எச்.வி.எஃப். (கனரக வாகனத் தொழிற்சாலை), அரசே கட்டி அரசே நடத்தியது. அது ஓனர்ஷிப். மாநாட்டுக்கு முன்பே அம்பத்தூரில் இருந்த டி.ஐ. சைக்கிள்ஸ் தனியாருடையது. ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெரிய ஆலையைக் கணிசமாக விரிவாக்க 1951-ன் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். அது கண்ட்ரோல். சொத்துப் பத்திரம் ஒருவரிடம், பூட்டுச் சாவி இன்னொருவரிடம்.

செல்வப் பங்கீட்டுக்கு 'ஈக்வல்' வரவில்லை, 'ஈக்விட்டபிள்' வந்தது. பந்தியில் ஆளுக்கு இரண்டு இட்லி வைத்தால் ஈக்வல். பசியறிந்து பரிமாறினால் ஈக்விட்டபிள். பசியை அளப்பது கரண்டி பிடித்தவர்.

இதோடு 1956-ன் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'இக்' போய், 'சோஷலிஸ்ட் பேட்டர்ன்' ஆகியிருக்கும். அடுத்து 1976-ன் 42-வது திருத்தம்: அரசியலமைப்பின் முகவுரையில் 'பேட்டர்ன்' கூட இல்லை, 'சோஷலிஸ்ட்' மட்டும்தான். எழுத்து நேர்த்தியில் என் ஓட்டு 1955-க்குத்தான். எவ்வளவு தருவதாக நினைத்தார்களோ அவ்வளவுக்கே சொல் போட்டார்கள். 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாகிவிட்டது. முகவுரைச் சொல்லில் யாரும் கை வைக்கவில்லை.