குரல் இல்லாத தேவதைக் கதைகள்

பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியஸ் 1899இல் எடுத்த ‘சிண்ட்ரெல்லா’ ஆறு நிமிடம்தான் ஓடும். அதற்குள் எலி வண்டிக்காரனாகிறது, பூசணிக்காய் சாரட்டாகிறது, கந்தல் பட்டாகிறது. மேடை மாயவித்தைக்காரரான மெலியஸ் காமிராவை நிறுத்துவார், ஆளை மாற்றுவார், மறுபடி ஓட்டுவார். தேவதைக் கதைக்கு உயிர்நாடியே உருமாற்றம்தான். அதைக் கண்ணெதிரே நடத்திக்காட்டும் வசதி அதற்குமுன் கதை சொல்லும் எந்தப் பாட்டிக்கும் வாய்த்ததில்லை. மௌனப் படத்தின் முதல் பலம் இதுதான், பெரிய பலமும்கூட. ஆனால் வித்தையில் மயங்கிய மெலியஸ் கதையை மறந்துவிடுகிறார். செருப்பு காலில் பொருந்தும் நேரம் சட்டென்று கடந்துபோகிறது. கல்யாண ஊர்வலமும் நடனமும் நீள்கின்றன.

பெரிய இழப்பு வேறொன்று. சிவப்புக் குல்லா அணிந்த சிறுமி ஓநாயிடம் காது ஏன் பெரிது, கண் ஏன் பெரிது, பல் ஏன் பெரிது என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் குழந்தைக்குப் பயம் ஏறுகிறது. அந்த அடுக்கு, குரலில் இருக்கிறது. மௌனப் படம் அதை எழுத்து அட்டையில் போட்டுக் காட்டியது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்து எதற்கு ஆகும்? மெலியஸ் காலத்தில் திரைக்கருகே ஒருவர் நின்று கதை சொல்லும் வழக்கம் இருந்ததால் இந்தக் குறை தெரியவில்லை. படங்கள் ஒரு மணி நேரமாக நீண்டு, கதைசொல்லிகள் ஒதுங்கியபோதுதான் அது வெளிப்பட்டது.

கதைசொல்லி இல்லாமல் இன்று பார்த்தால், 1903இல் பிரிட்டிஷ் இயக்குநர்கள் ஹெப்வொர்த்தும் பெர்சி ஸ்டோவும் எடுத்த ‘ஆலிஸ்’ இந்தக் குறைக்குத் தெளிவான சான்று. லூயிஸ் கரோலின் நூலுக்கு டென்னியல் வரைந்த ஓவியங்களை ஒட்டிய உடைகள், சிறுத்துப் பெருக்கும் ஆலிஸ், திடீரெனத் தோன்றும் நிஜப் பூனை எல்லாம் அழகு. ஆனால் அந்த நூல் சொல் விளையாட்டால் ஆனது. பேச்சை எடுத்துவிட்டால் தேநீர் விருந்துக் காட்சியில் மிஞ்சுவது நாலு பேர் கை ஆட்டுவதுதான்.

1916இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டில் சிறுமியாக நடித்த மார்கரீட் கிளார்க்குக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இருந்தும் கான்சஸ் நகரில் அதைப் பார்த்த பதினைந்து வயது வால்ட் டிஸ்னி கடைசிவரை மறக்கவில்லை. அவரே 1937இல் அக்கதையைப் படமாக்கியபோது அதில் பாட்டும் பேச்சும் நிறைந்திருந்தன.

என் பார்வையில் மௌனத் தேவதைக் கதைப் படங்களின் உச்சம் ஜெர்மானிய இயக்குநர் லோட்டே ரைனிகர். கருப்பு அட்டையைக் கத்தரித்து, மூட்டுகளை இணைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி, உருவங்களை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தார். ‘இளவரசர் அக்மது’ (1926) முடிய மூன்றாண்டு ஆனது. அவருடைய பாத்திரங்களுக்கு முகபாவம் கிடையாது. கழுத்தின் சாய்வும் விரலின் நடுக்கமும் பேசுகின்றன. அவரது ‘சிண்ட்ரெல்லா’வில் (1922) அக்காள் செருப்புக்காகத் தன் காலை வெட்டிக்கொள்வதையும் மறைக்கவில்லை. கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையின் கடுமையை நிழலுருவம் தாங்கக்கூடியதாக்குகிறது. அக்மதுவில் வரும் கீழைநாட்டவரும் ஆப்பிரிக்க மந்திரவாதியும் ஐரோப்பியக் கற்பனையின் வார்ப்புகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கறையைக் கலைநயம் கழுவிவிடாது.

இப்படங்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. குழந்தையிடம் திரையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து அட்டைகளை வாசித்து, உங்கள் சொந்தச் சொற்களில் கதையைச் சொல்லுங்கள்.